விடு என்று சொல்லும்வரை

அமுக்கு என்கிறான், அமுக்குகிறேன். கிளட்ச் பெடல் என் இடது காலுக்கு அடியில் எதிர்ப்பே காட்டாமல் தரைவரை போய் உட்கார்ந்துகொள்கிறது, தண்ணீரில் ஊறின ரொட்டியை மிதித்த மாதிரி. காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற என் மகன் கிளிட்டஸ் ஸ்பானர் போட்டு ஒரு சின்ன நட்டைத் திறக்கிறான், பிரேக் ஆயில் தகரத் தட்டில் சொட்டுகிறது, ஸ்பானர் வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது, அப்புறம் விடு என்கிறான். கால் மேலே இருக்கிறது. பெடலும் மெதுவாக, தூக்கம் கலையாமல் எழுந்து வருகிற ஆளைப் போல, மேலே வந்து நிற்கிறது. மறுபடியும் அமுக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்தது. வெயில் இப்போது முருங்கைக் கிளைக்குக் கீழே இறங்கி முன் கண்ணாடியில் விழுகிறது. வண்டியை முன்பு வைத்திருந்தவர் ஒட்டியிருந்த ஏதோ படத்தின் பசை கண்ணாடியில் வட்டமாக அப்படியே இருக்கிறது, அந்த வட்டத்துக்குள் எங்கள் கொடியில் காய்கிற துணி தெரிகிறது, என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டுகிற சாரமும் கிளிட்டஸின் இரண்டு புதுச் சட்டைகளும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை, கையை வேறு எங்கே வைப்பதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் அவன் ஓசூரில் இருக்க வேண்டும். மிஷின் கம்பெனி ஒன்றில், ஊர் ஊராகப் போய் ரிப்பேர் பார்த்துக் கொடுக்கிற வேலை. சொந்த வண்டியோடு வருகிறவனுக்குத்தான் கொடுப்பார்களாம், திங்கட்கிழமை வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். இன்று சனி. நாளை முதல் பூசை பார்த்துவிட்டுக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். கிளம்ப வேண்டுமென்றால் இந்தப் பெடல் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகவில்லை. அமுக்கு என்கிறான்.

பழைய கிளட்ச் தேய்ந்துபோய், மேட்டில் ஏறும்போது வண்டி கத்துமே தவிர நகராது. புதுசு வாங்கி வந்து, ஒர்க்ஷாப்புக்கு விடமாட்டேன், நானே மாற்றுவேன் என்று நின்றான். போனில் படம் பார்த்துப் பார்த்து கியர் பாக்ஸை இறக்கினான், பிளேட்டை மாற்றினான், திரும்ப ஏற்றினான், இன்று காலையில் எல்லாம் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினான். இஞ்சின் ஓடாமல் இருந்தால் கியர் எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுகிறது. இஞ்சின் ஓடும்போது ஒன்றும் விழமாட்டேன் என்கிறது. ரிவர்ஸ் போட்டதும் அம்மியில் கல்லைப் போட்டு அரைத்த மாதிரி ஒரு சத்தம், திண்டில் இருந்த காகம் எழுந்து போய்விட்டது. இரண்டே காரணம்தான் இருக்க முடியுமாம். ஒன்று, ஆயில் போகிற பைப்பைக் கழற்றினபோது உள்ளே காற்று புகுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டை முகம் மாற்றி மாட்டியிருக்க வேண்டும். காற்றென்றால் அமுக்கி அமுக்கி வெளியே எடுத்துவிடலாம். பிளேட்டென்றால் கியர் பாக்ஸைத் திரும்ப இறக்க வேண்டும், இரண்டு நாள் வேலை, திங்கட்கிழமை போயே போயிற்று. அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, சமையல்கட்டுச் சுவரைப் பார்த்தான். அப்புறம் என் எவர்சில்வர் தட்டு இரண்டை எடுத்து, கை முழுக்க மசகோடு, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திருப்பிக் காட்டினான். இது இஞ்சின், இது சக்கரம், ரெண்டும் ஒட்டியிருந்தா வண்டி ஓடும், கால் வச்சு அமுக்குனா ரெண்டும் விலகும், விலகுனாத்தான் கியர் மாறும். ஒட்டியிருப்பது நல்லதா விலகியிருப்பது நல்லதா என்று கேட்டேன். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று, சிரித்தான். ரெண்டும் வேணும்மா, நேரம் தெரிஞ்சு வேணும் என்றான். தட்டில் அந்த மசகு இன்னும் போகவில்லை, சாம்பல் போட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

அமுக்கு. காற்று என்றதும் எனக்கு ஆர்மோனியம்தான் ஞாபகம் வருகிறது. எட்டாவது படிக்கும்போது கோயில் பாட்டுக் குழுவில் எனக்குக் குரல் சரியில்லை என்று சிஸ்டர் என்னைக் கால் ஆர்மோனியத்துக்குக் கீழே உட்கார வைத்தார். அந்த சிஸ்டருக்கு முழங்கால் வலி, மிதிக்க முடியாது. மேலே அவர் விரல், கீழே என் கால். பூசை முழுக்க யாருக்கும் தெரியாமல் மிதித்துக்கொண்டிருப்பேன், நான் நிறுத்தினால் பாட்டு அழுதுகொண்டே அடங்கிவிடும். அங்கே காற்று வேண்டும், இங்கே காற்று ஆகாது. அப்போதே பழகினதுதான், கால் ஒரு வேலையில் இருந்தால் வாய் தன்னால் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடும். அமுக்கு என்று அவன் சொன்னதும் அருள் நிறைந்த மரியே என்று உள்ளே தொடங்குகிறது. எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்கிறபோது முன்பாதியை ஒருவர் சொல்லவேண்டும், பின்பாதியை மற்றவர்கள். மகள் ஜெனோவா கல்யாணம் கட்டிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போகிறவரைக்கும் முன்பாதி அவளுடையது, பட்டுப்பட்டென்று சொல்லி முடிப்பாள், கிளிட்டஸ் பின்பாதியை இழுப்பான், இவர் நடுவிலேயே தூங்கிவிழுவார். பிறகு கிளிட்டஸும் மெட்ராஸ் பக்கம் போனான். பிறகு முன்பாதியும் நானே பின்பாதியும் நானே. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லி ஆமென் போட்டால்தான் அடுத்த மணிக்கு விரல் நகரும். அவன் திரும்பி வந்த பிறகும் அப்படித்தான். கூப்பிட்டால் வந்து உட்காருவான், உதடு அசையாது, நான் கவனிக்காத மாதிரி இரண்டு பாதியையும் சொல்லிக்கொள்வேன். இன்றைக்கு அடியிலிருந்து அவன் குரல் வருகிறது, நான் பதில் சொல்கிறேன், பதில் காலால்தான் என்றாலும். அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும். அமுக்கு என்பது முன்பாதி. மற்றதெல்லாம் என்னுடையது.

ஜாக்கியை நினைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்திருக்கிறான், பின் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறான், நானே போய் இன்னொரு கல்லும் வைத்துவிட்டு வந்தேன். இருந்தாலும் நான் அமுக்கும்போது வண்டி முழுக்க ஒரு நூலளவு அசைகிற மாதிரி இருக்கிறது. இந்த இரும்பெல்லாம் அவன் முகத்துக்கு ஒரு முழம் மேலே. என் காலுக்கும் அவன் முகத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது, குழாய், எண்ணெய், நட்டு, தட்டு, நான் இங்கே அமுக்குவது அங்கே எதையோ தள்ளுகிறது. அவன் கால் இரண்டும் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கக் கண்ணாடியில் பெருவிரல் தெரிகிறது, நகம் வெட்டவில்லை. இவர் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பரை விசிறியாக்கி, அவ்வப்போது ஒரு வார்த்தை விடுகிறார். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர், வேலை செய்கிறவனை உட்கார்ந்து பார்ப்பதுதான் அவர் செய்த வேலை. ஒர்க்ஷாப்பில விட்டா மத்தியானச் சோத்துக்கு முந்தி முடிச்சுத் தருவான், இங்க மூணு நாளா நவநாள் நடக்கு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, உங்கம்மா ஒரு சைக்கிளைக் கூட மிதிச்சதில்ல, அவ காலை நம்பி ஓசூர் போறியேல என்றார். அடியிலிருந்து கிளிட்டஸ் பதிலுக்கு, சொன்னதைச் செய்யிற ஆளு இந்த வீட்ல அம்மா ஒருத்திதாம்ப்பா என்று சொன்னான். இவர் பேப்பரை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அப்பாவும் மகனும் இவ்வளவு பேசுவதே பெரிது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் இரண்டு பையோடு வந்து இறங்கினபோது இவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெட்ராஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தான். அவன் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பின சரக்கு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில், வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, என் கை பட்டா எதுவும் உருப்படாதும்மா என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உப்புக் குறைவு என்று சொல்வது போலச் சொன்னான். அதற்குப் பிறகு நான் அவனிடம் எதையும் ரிப்பேர் பார்க்கச் சொன்னதில்லை. மிக்ஸி ஓடாவிட்டால் கடைக்குக் கொண்டுபோவேன், குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவேன், பல்பு போனால்கூட இவரை ஸ்டூலில் ஏற்றிவிடுவேன். சரியாக வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. இரண்டு வருஷம் அந்தக் கை சும்மா இருந்தது. அது நான் செய்ததா தானாக நடந்ததா தெரியாது. இந்தக் கிளட்ச் அவனாக எடுத்த வேலை.

அமுக்கு. அருள் நிறைந்த. ஓசூர் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, மேப்பைக் காட்டினான், நீலமாக ஒரு கோடு, எங்கள் ஊர் கடலோரம் ஒரு புள்ளி, அது மேலே, மேலே, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. குளிருமாம். ஸ்வெட்டர் எடுத்து வைக்கவில்லை. நாளை இந்நேரம் இந்த இடத்தில் கார் இருக்காது, இது நின்ற இடத்தில் எண்ணெய்க்கறை இருக்கும், மண் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும். மீன் வாங்கப் போனால் பாதி போதும். அவன் ஒருவன்தான் சாளையை முள்ளோடு மெல்லுவான், இவருக்கு முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது தட்டைக் கழுவி மேலே கவிழ்த்து வைக்க வேண்டும். இரண்டு வருஷமும் ஒரு நாள்கூட அவனால் எனக்குத் தொந்தரவு இல்லை, பகலெல்லாம் தூங்கினாலும் வீட்டில் ஒரு ஆள் தூங்குகிறது என்று இருக்கும், நான் சத்தம் போடாமல் பாத்திரம் எடுத்து வைப்பேன், அந்தச் சத்தமில்லாமையே ஒரு வேலையாக இருக்கும். ஆமென். விடு என்கிறான். கால் மேலே இருக்கிறது. இப்போதுதான் அது காதில் விழுகிறது. விடு என்று அவன் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால், நான் ஆமென் சொன்ன அதே நேரத்தில், கீழே உறிஞ்சுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிள்ளைகள் இளநீரின் அடியை ஸ்ட்ராவில் இழுப்பார்களே, அது. மத்தியானத்திலிருந்து கேட்டிருக்கிறேன், என்னவென்று நினைத்திருந்தேன், ஒன்றும் நினைக்கவில்லை. மறுபடியும் அமுக்கு. இந்தத் தடவை காதை அங்கேயே வைத்து ஜெபத்தைச் சொல்கிறேன். நட்டு திறக்கிற சத்தம். சொட்டு. பின்பாதி. ஸ்பானர் வழுக்குகிறது, அவன் இன்னும் மூடவில்லை. ஆமென், கால் எழும்புகிறது, உஸ். அதற்கப்புறம் நட்டு மூடுகிற சத்தம், அதற்கப்புறம் விடு. மதியம் அவன் சொன்னது இப்போது வாசகம் வாசித்த மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது. நான் நட்டைத் திறக்கும்போது நீ அமுக்கினபடியே இருக்கணும், நான் மூடிட்டு விடுன்னு சொன்ன பிறகுதான் விடணும், முந்தி விட்டா வெளிய போன காத்து பூராவும் திரும்ப உள்ள போயிரும். சரிய்யா என்றேன். கேட்டேன்தான். ஆனால் காலுக்கு ஆமென்தான் தெரிந்திருக்கிறது. அவன் ஒரு பிடி காற்றை வெளியே எடுப்பதும் நான் ஒரு பிடி காற்றை உள்ளே விடுவதுமாக ஒரு மத்தியானம் முழுக்கப் போயிருக்கிறது. பிளேட்டில் ஒன்றுமில்லை. அவன் கை எல்லாவற்றையும் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது.

அமுக்கு என்கிறான். அமுக்குகிறேன். சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிகிறது, எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது, மூன்று தட்டு, சாளை, பகல் தூக்கம், சத்தமில்லாமை. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, மத்தியானத்திலிருந்து செய்ததையே செய்தால் போதும், அதுவும் ஜெபம் சொல்லிக்கொண்டுதானே. அருள் நிறைந்த மரியே. மாதாவும் மகனைப் போகவிட்டவள்தான், அவளிடம் போய் இதை எப்படிக் கேட்பது, கேட்கவில்லை, வார்த்தையை மட்டும் சொல்கிறேன். கீழே நட்டு திறக்கிறது. ஆமென் என்கிறேன். ஜெபம் ஓடிப்போய் முடிந்த ஆமென் இல்லை அது, நான் எடுத்து வைத்த ஆமென். கால் எழும்புகிறது. உஸ் என்று காற்று உள்ளே போகிறது. அந்த ஒரு தடவை எனக்குத் தெரிந்தே விட்டேன்.

அதற்குப் பிறகு கீழேயிருந்து அமுக்கு என்று வரவில்லை. ஸ்பானரைத் தரையில் வைக்கிற சத்தம். பிறகு கண்ணாடியில் தெரிந்த கால்கள் மடங்கி, அவன் முதுகால் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து, எழுந்திருக்காமல் அங்கேயே மண்ணில் கிடந்தான். நெற்றியில் எண்ணெய், அதன்மேல் மண். நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

"நீ எறங்கும்மா. காத்தா இருந்தா இதுக்குள்ள போயிருக்கும்."

"வேற என்னய்யா?"

"பிளேட்டைத்தான் மாத்தி மாட்டியிருக்கேன். நல்லாப் பாத்துத்தான் மாட்டுனேன். பாத்துத்தான் மாட்டுனேன்னு நினைக்கேன்." வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என் கைபட்டது எது உருப்பட்டிருக்கு."

இவர் நாற்காலியிலிருந்து, திங்கட்கிழமை இல்லாவிட்டால் புதன்கிழமை போனால் ஆகாதா, அந்தக் கம்பெனி என்ன ஓடியா போகுது என்று கேட்டார். காத்திருக்க மாட்டாங்கப்பா என்றான் இவன். இவர் பேப்பரை மடித்தார், ஒன்றும் குத்தலாகச் சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் அவன் கையைப் பார்த்தேன். நெஞ்சின்மேல் இரண்டும் கிடந்தன, நகத்துக்குள்ளெல்லாம் கறுப்பு, ஒரு விரலில் தோல் உரிந்து காய்ந்திருந்தது. வாழைப்பழம் உரித்த அதே கை. இந்தக் கை தப்புப் பண்ணவில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான், எட்டாவது படித்தவள், கார் ஓட்டத் தெரியாதவள். அவன் இங்கேயே இருந்தால் இந்தக் கையும் இப்படியே நெஞ்சின்மேல் இருக்கும். நான் சாளை வறுத்து வைப்பேன், அவன் முள்ளோடு மெல்லுவான். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டே அவன் எதிரில் தினமும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது முடியாது என்று தோன்றியது. பெரிய மனசு ஒன்றும் இல்லை, முடியாது, அவ்வளவுதான்.

"கிளிட்டஸ், இன்னும் கொஞ்சம் பாப்போம்ய்யா."

"பாத்தாச்சும்மா."

"எனக்காக ஒரு தடவை. கால் இப்பத்தான் பழகியிருக்கு."

சலித்துக்கொண்டுதான் உள்ளே போனான். நான் கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் காலைப் பெடலில் வைத்தேன். அமுக்கு என்றான், உயிரில்லாத குரலில். அமுக்கினேன். இந்தத் தடவை ஜெபம் சொல்லக் கூடாது, அவன் குரலுக்கு மட்டும் நிற்க வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அது தானாக ஓடுகிறது, முன்பாதி போயிற்று, பின்பாதி போகிறது, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும். அங்கே பிடித்து நிறுத்திவிட்டேன். நிறுத்தின பிறகுதான் எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவன் அடியில் கிடக்கிறான், இரும்பு மேலே இருக்கிறது, நான் மரண நேரத்தில் நிற்கிறேன். ஐம்பது வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தாண்டிப் போன இடம், நின்று பார்த்ததே இல்லை. இங்கே நிற்கக் கூடாதென்று ஒரு வார்த்தை முன்னால் தள்ளினேன், வேண்டிக்கொள்ளும். இனி ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் கால் போய்விடும். ஸ்பானர் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுக்கிறது, முழங்கால் தன்னால் ஆடுகிறது, தொடையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் சாயங்காலத் திரிகால ஜெப மணி அடித்தது. அந்த மணி கேட்டால் எங்கள் தெருவில் இருந்தவர்கள் எழுந்திருப்பார்கள், நடந்தவர்கள் நிற்பார்கள், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தால்கூட இறக்கி வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கண்ணாடி வழியாக இவர் நாற்காலியை விட்டு எழுந்து, மடித்துக் கட்டின சாரத்தை இறக்கிவிட்டு நிற்பது தெரிந்தது. எனக்கும் உடம்பு எழும்பியது, கால்தான் முதலில் எழும்பப் பார்த்தது. நான் எழவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த மணிக்கு உட்கார்ந்திருந்தது இது ஒரு தடவைதான். மணி மூன்று மூன்றாக விழுந்துகொண்டிருந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், என்ன இவள் என்பது போல, பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கீழே நட்டு மூடுகிற சத்தம் கேட்டது. விடு என்று அவன் இன்னும் சொல்லவில்லை, சொல்கிறவரைக்கும் இருந்தேன்.

"விடு."

விட்டேன். உஸ் இல்லை. பெடல் மேலே வந்ததில் ஒரு சின்னத் துள்ளல் இருந்தது. அமுக்கு, திறப்பு, மூடல், விடு. மறுபடி. ஜெபம் வேண்டிக்கொள்ளும் என்ற இடத்திலேயே நின்றது, அதற்கு முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை, நான் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தடவை தகரத் தட்டில் பொளபொளவென்று குமிழியாக வந்து விழுகிற சத்தம். அமுக்கும்மா என்றான், இப்போது குரலில் உயிர் இருந்தது. பெடல் பாதியில் கனத்தது. அடுத்த தடவை அதற்கும் மேலேயே கனத்தது. என் வெறுங்காலுக்குக் கீழே அது ஒரு ஆள் மாதிரி எதிர்த்து நின்றது. இப்ப எப்படிம்மா இருக்கு என்றான்.

"தள்ளுதுய்யா. என்னையே தள்ளுது."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஸ்டாண்டை எடுத்தான், ஜாக்கியை இறக்கினான், நான் இறங்கிக்கொண்டேன், இடது கால் தரையை நம்பவில்லை, கதவைப் பிடித்து நின்றேன். இஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து, ரிவர்ஸ் போட்டான். அம்மிச் சத்தத்துக்காக நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். வரவில்லை. வண்டி பின்னால் நகர்ந்தது, நான் வைத்த கல்லை எடுக்க மறந்திருந்ததால் முட்டி நின்றது, இவர் ஓடிப்போய் எடுத்துப் போட்டார். கண்ணாடியை இறக்கி, கடைசிக் காத்து அந்த மூலையில ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்குப்பா, வுட்டேனா பாத்தியா என்று அவன் சொல்ல, மூணு நாளாச்சுல அதைப் புடிக்க என்று இவர் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு வண்டியின் முன்பக்கத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டுவது போல. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கைதான் செய்தது, அதில் பொய் இல்லை. அம்மா ஒரு ரவுண்டு வா என்றான், அடுப்பு வேலை கிடக்கு, அப்பாவைக் கூட்டிட்டுப் போ என்றேன். இரண்டு பேரும் போனார்கள். தெருமுனையில் கியர் மாறுகிற சத்தம் சுத்தமாகக் கேட்டது, பிறகு வண்டி கோயில் பக்கம் திரும்பிவிட்டது.

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க்கறை இருந்தது. இரண்டு கை மண் அள்ளிப் போட்டேன். உள்ளே வந்து அரிசி களைந்தேன், நாளைக்கு வழியில் சாப்பிடப் புளிச்சோறு கிண்ட வேண்டும், அவித்த முட்டை நாலு வைத்தால் போதும், ஸ்வெட்டர் இவருடையது ஒன்று பீரோ அடியில் இருக்கும், நாற்றம் போக வெளியே போட வேண்டும். மசகுத் தட்டு இரண்டையும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், ஒன்று வெளுத்தது, ஒன்றில் விரல் அடையாளம் இன்னும் இருந்தது, இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். அடுப்பின் முன்னால் நிற்கும்போது இடது கால் எதையோ அமுக்கிக்கொண்டே இருக்கிறது, தரை இறங்கமாட்டேன் என்கிறது. ஜெபம் இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறது. ஒரு வார்த்தைதான், வாய் வரைக்கும் வந்து வந்து போகிறது. திரிகால ஜெபம் சொல்லாமல் போனதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், அது வேறு. இதை மட்டும் இப்போது முடிக்கப்போவதில்லை. நாளைக்கு அவன் போய்ச் சேர்ந்து, வந்துட்டேம்மா என்று போன் பண்ணட்டும். அதுவரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.